‘பயஸ்’: ‘தரவுக் கோணல்’ என்று ஆளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினித் துறையில் புழங்கும் ‘பயஸ்’ (bias) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் குறிப்பு இது.

எங்கே குற்றம் நடக்கும் என்று கணினியைக் கொண்டு கணித்துக் காவலரை அங்கே அனுப்பும் ‘பிரெடிக்டிவ் போலீசிங்’ பற்றி முதலில் ஒரு சொல். அதற்கு வந்த ‘வருமுன் காவல்’ என்ற பரிந்துரை காதுக்கு இனிக்கிறது, தொல்லையே அதுதான். மருத்துவ முகாமின் பெயர்போல ஒலிக்கும் அந்தச் சொல், குற்றம் நடக்கும் முன்பே காப்போம் என்ற மென்பொருள் வியாபாரியின் வாதத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. ‘முன்கணிப்புக் காவல்’ போதும். விரிந்த பொருளுக்குத் ‘தரவுவழிக் காவல்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ‘பயஸ்’, அதாவது தரவோ கணிப்போ ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் கோளாறு. ‘சார்பு’ என்பதைப் பள்ளிக் கணிதம் ‘ஃபங்ஷனு’க்கு எடுத்துக்கொண்டுவிட்டது, ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் ‘சார்பின் சார்பு’ என்று எழுதித் தவிக்க வேண்டும். ‘சாய்வு’ம் நேர்கோட்டுக்குப் போய்விட்டது. ‘பாரபட்சம்’ எல்லோருக்கும் புரியும், கட்டுரையில் நானும் எழுதுவேன். ஆனால் பாரபட்சம் காட்ட ஓர் ஆள் வேண்டும், ‘ஓரவஞ்சனை’க்கும் அப்படியே. நமக்கு வேண்டியது, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே விளையும் அநீதியைச் சொல்ல ஒரு சொல்.

கலிபோர்னியாவில் பிறந்த ‘பிரெட்பால்’ மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கத்துக்குப் பின் வரும் அதிர்வுகளைக் கணிக்கும் கணிதத்தைத் தழுவியது அது. குற்றத்தின் வகை, நடந்த இடம், நேரம் ஆகிய மூன்றே அதற்கு உள்ளீடு. பதிலுக்கு, நகர வரைபடத்தில் 500 அடிக்கு 500 அடிச் சதுரங்களைக் குறித்து, இன்று இங்கே ரோந்து போங்கள் என்று சொல்லிவந்தது. தோலின் நிறத்துக்கு அதில் இடமே கிடையாது.

இந்தக் கணிப்பு முறையை 2016இல் இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரின் 2010ஆம் ஆண்டுப் போதைப்பொருள் வழக்குப் பதிவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். கணினிக்குள் நடந்த சோதனைதான். காவலர் யாரும் அதன்படி ரோந்து போகவில்லை. சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டால் போதைப்பழக்கம் நகரெங்கும் பரவிக் கிடந்தது. மென்பொருளோ, கறுப்பினத்தவரும் ஏழைகளும் மிகுந்த மேற்கு ஓக்லாந்து போன்ற பகுதிகளையே திரும்பத் திரும்பக் காட்டியது. போதைப்பழக்கம் கறுப்பினத்தவர், வெள்ளையர் ஆகிய இரு இனத்தாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் அதன்படி ரோந்து போயிருந்தால் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு குறிவைக்கப்பட்டிருப்பார்கள். ஏன்? காவல்துறையின் ஏட்டில் இருப்பது நடந்த குற்றங்களின் பட்டியல் அல்ல. காவலர் கண்ணில் பட்ட குற்றங்களின் பட்டியல். அவர்கள் போன தெருவில்தான் அவர்கள் பிடித்த ஆளும் இருப்பார். அந்த ஏட்டைப் படித்த மென்பொருள் அதே தெருவுக்கு அனுப்பும், அங்கே இன்னொருவர் பிடிபடுவார், ஏடு தடிக்கும். இந்தச் சுற்றுக்குப் ‘பின்னூட்டம்’ பொருந்தாது. இணையத்தில் அது வாசகர் கருத்து என்றாகிவிட்டது. ‘தன்னூட்டச் சுழல்’ என்பேன்.

ஆக, கணக்கு சரி, ஏடு கோணல். ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்று வழக்கிலேயே இருக்கும்போது வேறெங்கே தேடுவது? ‘தரவுக் கோணல்’ என் பரிந்துரை. யாரையும் குற்றம் சாட்டாமல் கோளாறு எங்கே தொடங்கியது என்பதைச் சொல்கிறது. ‘கூறெடுப்புக் கோணல்’ (மாதிரி எடுப்பதில் வருவது), ‘அளவீட்டுக் கோணல்’ (அளப்பதில் வருவது), ‘கோணல் நீக்கம்’ என்று கிளைக்கவும் செய்யும்.

கோணல் கொச்சை, ‘கோட்டம்’ என்பதே செம்மை என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். குறளின் ‘உட்கோட்டம்’ இதே பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘தரவுக் கோட்டம்’ என்றால் நம் மக்கள் மின்வாரிய அலுவலகத்தைத் தேடிப் போவார்கள். கொச்சை என்ற குற்றச்சாட்டை நான் பொருட்படுத்துவதாக இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை 2020 ஏப்ரலில் பிரெட்பால் மென்பொருளைக் கைவிட்டது; அதே ஆண்டு ஜூனில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரம் முன்கணிப்புக் காவலையே தடை செய்தது. இத்தகைய செய்தியைக் காலைப் பத்திரிகையில் படிப்பவருக்கு அடிக்குறிப்பு இல்லாமல் புரிய வேண்டாமா?

ஓர் எச்சரிக்கை: நரம்பு வலையமைப்பில் (மூளை நரம்புகளின் பின்னலைத் தழுவிய கணிப்பு முறை) கூட்டப்படும் ‘பயஸ்’ என்ற எண் வேறு. அதில் கோணல் ஒன்றுமில்லை. ‘நகர்த்து மாறிலி’ எனலாம்.

எனக்குத் தீராத சிக்கல் அமெரிக்காவின் புளோரிடா மாநில விவகாரம். அங்கே, கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் இடும் ‘காம்பஸ்’ மென்பொருளை 2016இல் ஆராய்ந்தபோது, பிறகு எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதம் பேருக்கு ‘ஆபத்தானவர்’ முத்திரை விழுந்திருந்தது. வெள்ளையரில் சுமார் 23. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மீண்டும் பிடிபடுகிறார்கள், எனவே நாங்கள் நேர்மையே என்றது தயாரித்த நிறுவனம். இரு தரப்புக் கணக்கும் சரி. இரு இனத்திலும் மீண்டும் பிடிபடும் விகிதம் வேறாக இருக்கும்வரை பிழை இரு இனத்துக்கும் சமமாக விழுவது, ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே பொருள் இருப்பது என்ற இரண்டு நேர்மையையும் ஒருசேரப் பெற முடியாது. இதைத் தரவுக் கோணலுக்குள் அடைக்க எனக்கு மனமில்லை. ‘பிழைப்பங்கு ஏற்றத்தாழ்வு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. இதைவிடக் கச்சிதமான சொல் யாரிடமாவது இருக்கிறதா?