உடல் எழுத்தறிவா, உடற்பழக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உடலை நம்பிக்கையோடும் விருப்பத்தோடும் இயக்கப் பழகியிருப்பதை ஆங்கிலத்தில் ‘பிசிக்கல் லிட்ரசி’ (physical literacy) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘உடல் எழுத்தறிவு’ என்று நம் குழுவின் ஐயா ஒருவர் சென்ற மடலில் முன்வைத்திருந்தார்கள். என் மனம் ஒப்பவில்லை. இராமேசுவரம் தீவில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ‘எழுத்து’ என்றதும் எங்கள் பெற்றோருக்குச் சிலேட்டும் நோட்டும்தான் நினைவுக்கு வரும்.

பிரிட்டனைச் சேர்ந்த மார்கரெட் ஒயிட்ஹெட் 1990-களில் இக்கருத்தை வளர்த்தபோது ஓட, தாவ, எறியத் தெரிவதை மட்டும் சொல்லவில்லை. ஆட விருப்பம், தன் உடம்பின் மேல் நம்பிக்கை, ஏன் ஆட வேண்டும் என்ற புரிதல், வாழ்நாள் முழுக்க அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வது எல்லாம் சேர்ந்தது அது. ஆகவே ‘உடற்தகுதி’ என்ற சொல்லும் போதாது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது உடலியக்கத்தின் அளவு. அது வேறு.

எங்கள் பக்கம் யாரும் நீச்சல் ‘கற்றான்’ என்று சொல்வதில்லை. ‘நீச்சல் பழகிட்டான்’ என்பார்கள். சைக்கிளும் பழகுவதுதான், துடுப்பும் பழகுவதுதான். முதல் தடவை வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) போன பையன் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தால் ‘இன்னும் கடல் பழகல’. பழகிவிட்டான் என்றால் கைக்கு வேலை வந்துவிட்டது, பயம் போய்விட்டது, கச்சான் காற்றும் நீரோட்டமும் பிடிபட்டுவிட்டன, நாளைக்கும் தானாகவே கிளம்புவான். ஒயிட்ஹெட் சொன்ன அத்தனையும் அந்த ஒரு வினையில் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: உடற்பழக்கம். உடற்கல்வி, உடற்பயிற்சியோடு சேர்ந்து நிற்கும். ‘மெய்ப்பழக்கம்’ அழகுதான். ஆனால் மெய் என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புள்ளி வைத்த எழுத்து, பெரியவர்களுக்கு உண்மை.

பழக்கம் என்றால் வெறும் வழக்கம் ஆகிவிடாதா என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்னும்போது தேர்ச்சியைத்தானே சொல்கிறோம்?

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். என் வகுப்பில் ஒரு சிறுமி கடலில் மீன் மாதிரி நீந்துவாள். மைதானத்தில் பந்து வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், கிளித்தட்டுக்குக் கூப்பிட்டால் சுவரோரம் ஒதுங்குவாள். எழுத்தறிவு என்று பெயர் வைத்தால் அவளை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவோம். அவள் உடம்பு தண்ணீருக்குப் பழகியிருக்கிறது, பந்துக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை இரண்டடி தூரத்தில் நின்று மெதுவாகப் போட்டோம். இப்போது கண்ணைத் திறந்து பிடிக்கிறாள்.

சரி, ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் நிலைகளைக் குறிக்க ‘பழகாத, பழகிவரும், பழகிய’ என்று போடலாமா? ‘பழகாத’ என்பது பிள்ளையின் மேல் குறையாக விழுமோ என்று தயங்குகிறேன். அதற்கு மட்டும் வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.