கப்பல் விருந்தின் சாக்லேட் கேக் பெயருக்கேற்ற சுவை உடையதா?

கேள்வி (புதுச்சேரி): கார்னிவல் என்னும் உல்லாசப் பயண நிறுவனத்தின் கப்பல்களில் பரிமாறப்படும் சூடான சாக்லேட் கேக்கைப் பலரும் புகழ்கிறார்கள். நம் ஊர் அடுமனைகளில் எக்லேர் (கிரீம் நிரப்பிய நீள் பிரெஞ்சுப் பலகாரம்) உண்டு வளர்ந்த எங்களுக்கும் அது சிறப்பாகத் தோன்றுமா?

பதில் 1 (கடலூர்): தோன்றும், ஐயா. சிறு பீங்கான் கிண்ணத்திலேயே சுடப்பட்டு, வெனிலா ஐஸ்கிரீமுடன் வரும் அந்தக் கேக்கின் விளிம்பு வெந்திருக்க, நடுவில் கரண்டி இறங்கும் இடம் கூழாகவே நிற்கும்; உடனே உண்டால் புகழ் முற்றிலும் நியாயமானது, ஆறினால் இறுகி, வெறும் இனிப்பே மிஞ்சும்.

பதில் 2 (புதுச்சேரி): சில உல்லாசக் கப்பல்களில் ஊழியர்கள் ஊர்வலமாக ஏந்தி வரும் பேக்டு அலாஸ்காவை (கேக்கின் மேல் ஐஸ்கிரீம் வைத்து, முட்டை வெண்கரு நுரையால் மூடிச் சுடும் இனிப்பு) நான் அவ்வளவாகப் புகழ மாட்டேன். அந்த நுரையில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுப்பதால் உள்ளிருக்கும் ஐஸ்கிரீம் உருகாமல் இருப்பது வியப்புக்குரியதே. ஆனால், ரவையும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்ந்த நம் விவிகம் கேக்கின் மணம் அதில் இல்லை.

பதில் 1: அதில் உடன்படுகிறேன். சாக்லேட் கேக்கை மட்டும், மற்றத் தட்டுகளை எடுத்த பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள்.