மெக்ஸிகோவின் பழைய ஊர்களில் பழைய வீட்டில் தங்கினவங்க உண்டா? உங்க அனுபவம் சொல்லுங்க

வைகைக்கரை

அமெரிக்க விசா கையில இருந்தா மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவையில்லன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வரேன். போன வருஷம் அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப குவானஹுவாதோ கூட்டிட்டுப் போனேன். பெரிய ஹோட்டல் வேண்டாம், முற்றம் வெச்ச பழைய வீட்டுல தங்கணும்னு எனக்கு ஆசை.

அந்த ஊர்ல வண்டிங்க பாதி பூமிக்கடியில, பழைய ஆத்துத் தடத்துச் சுரங்கத்துல ஓடும். மேல சந்தும் படியும்தான். வண்டிச் சத்தமே இருக்காது, நிம்மதியாத் தூங்கலாம்னு கணக்குப் போட்டேன். டாக்ஸி கீழயே இறக்கி விட்டுருச்சு. அம்மா மூச்சு வாங்க வாங்க ஏறி வந்தாங்க.

வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். முற்றத்தைத் தாண்டிப் பின்னாடி ஒரு அறையைக் கை காட்டி "அத்ராஸ், த்ராங்கீலோ"ன்னாங்க. பின்னாடி, அமைதியா இருக்கும்னு சொல்றாங்க. 200 பெஸோ கம்மி வேற. யாரும் எடுக்காத அறையை நம்ம தலையில கட்டப் பாக்கறாங்கன்னு நெனச்சுட்டேன். படத்துல பாத்த பால்கனி அறைதான் வேணும்னு பிடிவாதமா நின்னேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. பாட்டுக் கோஷ்டி சந்து சந்தாப் போகும், அதுக்குக் கல்யெஹோனெயாதான்னு பேருன்னு படிச்சிருந்தேன். அது எங்க சந்துல வரும்னு தோணவே இல்ல. ஒம்பது மணிக்கு முதல் கோஷ்டி. கறுப்பு அங்கி, தோள்ல கலர் கலரா ரிப்பன், கிதார், மாண்டலின், ஆள் உயரத்துக்கு ஒரு பாஸ். பின்னால கைதட்டிக்கிட்டே பெரிய கூட்டம். மூணாவது கோஷ்டி பதினொன்றரைக்கு வந்து, நேரா எங்க பால்கனிக்குக் கீழ நின்னுருச்சு. அம்மா எழுந்து உக்காந்து முந்தானையால காதைப் பொத்திக்கிட்டு, "நல்லாத்தாண்டா பாடறாங்க, நீ படு"ன்னாங்க. அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

காலையில வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை கேக்கல. பட்டையும் வெல்லமும் போட்டு மண் பானையில காய்ச்சின காப்பியை அம்மா முன்னாடி கொண்டாந்து வெச்சாங்க.

கயல்விழி79

எங்களுக்கு நடந்தது சான் கிறிஸ்டோபல் தெ லாஸ் காஸாஸில். சியாபாஸ் மலையில் கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். மெக்ஸிகோ என்றாலே வெயில் என்று நினைத்து ஆளுக்கொரு ஸ்வெட்டரோடு போய்விட்டோம். ஓட்டு வீடு, மண்சுவர், அறைக்குள்ளேயே விறகுக் கணப்பு. ஹீட்டர் கிடையாது. நாலு கம்பளி கொடுத்தார்கள், அத்தனையிலும் விறகுப் புகை வாசனை.

டிசம்பர் 11 இரவு. மறுநாள் குவாதலூபெ மாதா திருநாள் என்பதோ, மாதா கோயில் எங்கள் தெருக்கோடிக் குன்றிலேயே இருக்கிறது என்பதோ எனக்கு உறைக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வெடித்தது. சரவெடி போல இல்லை, ஒவ்வொன்றாக, நெஞ்சில் அறைந்தது. துப்பாக்கிச் சூடு என்றே நினைத்தேன். மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் படுத்துவிட்டேன். தரை ஓடு பனிக்கட்டி மாதிரி. அவள் என் காதில், "அம்மா, இங்க தீபாவளியா?" என்றாள்.

மறுநாளே இரண்டு இரவுக் காசை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு புது ஹோட்டலுக்கு மாறினோம். அங்கே நன்றாகத் தூங்கினோம். ஆனால் மகள் இன்றுவரை கேட்பது முதல் வீட்டைத்தான்.

வடமராட்சியான்

வைகைக்கரை அண்ணை, பின்னறை எண்டால் அமைதி எண்டு ஆர் சொன்னது? ஒஹாக்காவில நான் அப்பிடி நம்பித்தான் பின்னறை எடுத்தனான். யன்னலே இல்லை, கதவு மட்டும் முற்றத்தைப் பாத்துத் திறக்கும். விடிய அஞ்சரைக்குக் கூரைத் தாங்கிக்குத் தண்ணி ஏத்துற மோட்டர். ஆறு மணிக்கு ஈர்க்குத் தடியால முற்றத்தைத் தேய்ச்சுக் கழுவுவினம். ஏழு மணிக்குக் கோப்பை, கரண்டி. நாலு பக்கமும் சுவர், ஒருத்தர் இருமினாலும் உங்கட தலைமாட்டில இருமின மாதிரித்தான்.

ரெண்டு நாள் பொறுத்துப்போட்டு முன்பக்கத்து மேலறைக்கு மாறினன். சனிக்கிழமை பின்னேரம் கல்யாண ஊர்வலம். பித்தளை வாத்தியம், பொம்பிளை மாப்பிளை, ஆள் உள்ளுக்கு நிண்டு சுத்துற ராட்சதப் பொம்மையள். அதில ஒண்டு ஆடி ஆடி வந்து, அந்தப் பெரிய கடதாசி முகம் என்ர பால்கனிக் கம்பிக்கு நேரே நிண்டிட்டுது. கை நீட்டினால் தொட்டிருப்பன். ஏன் தொடேல்லை எண்டு இப்பவும் யோசிக்கிறன். ஒம்பது மணிக்கெல்லாம் முடிஞ்சுது, பிறகு தெரு விடியுமட்டும் சத்தமே இல்லை.

கயல்விழி அக்கா, நீங்கள் வெளிக்கிட்டது பிழை எண்டுதான் எனக்குப் படுது. திருநாள் ஒரு நாள்தானே. எங்கட கோயில் கொடியேற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டே ஓடினவையே?

கயல்விழி79

தம்பி, அறையில் நீங்கள் தனி ஆள். எனக்கு ஆறு வயதுக் குழந்தை பக்கத்தில்.

குவாடலஹாரா_ராம்

நாலு வருஷமா இங்க வேலை. என் அனுபவம் சின்னது: மெரிதாவுல மே மாசம், அறைச் சுவர்ல ரெண்டு கொக்கி. எதுக்குன்னு தெரியாம அதுல துணி காயப்போட்டேன். வீட்டுக்காரர் வந்து துணியை மடிச்சு வெச்சுட்டு, ஒரு தூளியைக் கட்டிக் காட்டிட்டு ஒண்ணும் பேசாமப் போனார். கட்டில்ல வேர்த்து ஊத்தின எனக்கு அன்னிக்குத்தான் தூக்கம் வந்துச்சு.

ஆனா மேல எழுதினவங்க எல்லாரும் அறையைப் பாக்காமலே எடுத்திருக்கீங்க. இங்க "புவேதோ வேர் எல் குவார்தோ?"ன்னு கேட்டு அறையைப் பாக்கறது ரொம்ப சாதாரணம், யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு ரெண்டு நிமிஷம் பேசாம நில்லுங்க. கதவுக்கு மேல திறந்த சாளரம் இருந்தா முற்றத்துப் பேச்சு முழுக்க உள்ள வரும். மோட்டர் எங்க, சமையலறை எங்கன்னு பாருங்க. "இந்தெரியோர்"னா தெருவைப் பாக்காத உள்ளறை. இருட்டா இருக்கலாம், விலை கம்மியா இருக்கும். மெரிதாவுல வீட்டுச் சுவரே நடைபாதையை ஒட்டி நிக்கும், முன்னறை எடுத்தா பஸ் உங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே உறுமிட்டுப் போகும். அங்க உள்ளறைதான், அதுல வாதமே இல்ல.

விலை சொன்னா வரியோட சேத்தான்னு கேட்டுக்கங்க. 16 சதவீதம் இவா, அதாவது மதிப்புக்கூட்டு வரி, அதுக்கு மேல மாநிலத்தோட தங்கல் வரி. நாள்காட்டியும் பாக்கணும். குவானஹுவாதோவுல அக்டோபர்ல செர்வான்தீனோ கலை விழா, ஒஹாக்காவுல ஜூலையில கெலகெட்சா நடன விழா, அப்புறம் இறந்தோர் தினம், எல்லா ஊர்லயும் செப்டம்பர் 15 ராத்திரி சுதந்திரக் கொண்டாட்டம். இந்த நாள்கள்ல விலையும் ஏறும், தூக்கமும் போகும். சந்து ஊர்னா வெள்ளி, சனியைத் தவிர்த்து ஞாயிறு சாயங்காலம் போய் இறங்குங்க. சான் மிகெல் தெ அய்யெந்தே விலை கட்டுப்படியாகலன்னா மொரேலியா போங்க. ரோஜா நிறக் கல்லு, 1541ல உண்டாக்கின ஊரு, முற்றம் வெச்ச நல்ல வீடுங்க நிறைய, காசும் கம்மி.

வைகைக்கரை

ராம், நன்றி. ஆனா எந்த அறை எடுக்கறதுன்னு நான் கேக்கல. வடமராட்சியான் சொல்ற மாதிரி பின்னறையிலயும் மோட்டர் ஓடியிருக்கலாம். எனக்கு அது தெரியாது, ஏன்னா நான் போய்ப் பாக்கவே இல்ல. வீட்டுக்காரம்மா சாவியை எடுத்துக்கிட்டு ரெண்டு அடி நடந்துட்டாங்க. நான்தான் வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டிட்டேன். பச்சைக் கதவு, பக்கத்துல தகர டப்பாவுல சிவப்புப் பூச்செடி.

போன வாரம் அம்மா போன்ல, "அந்தப் பட்டைக் காப்பி எப்படிடா போடறது, அந்தம்மாட்ட கேட்டுச் சொல்லு"ன்னாங்க. அவங்க நம்பர் என்கிட்ட இருக்கு. நீங்க அன்னிக்குச் சொன்னதை நான் கேட்டிருக்கணும்னு ஸ்பானிஷ்ல மரியாதையா எப்படி எழுதறது?

குவாடலஹாரா_ராம்

"தெனீயா உஸ்தெத் ராசோன், செஞோரா." நீங்க சொன்னதுதான் சரிங்கம்மான்னு அர்த்தம். உஸ்தெத்துங்கறது நம்ம "நீங்க" மாதிரி, அதை விட்டுறாதீங்க. காப்பியை அடுத்த வரியில கேளுங்க.