10 சதவீத வரம்பு: நம் ரேஷன் அரிசியில் தாய்லாந்துக்கு என்ன வழக்கு?

வைகைக்கரை:
2018-19இல் நெல்லுக்குக் கொடுத்த ஆதரவு, உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது என்று உலக வர்த்தக அமைப்பிடம் இந்தியாவே 2020இல் எழுதிக் கொடுத்தது. உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், ஆதரவு 500 கோடி டாலர், அதாவது 11 சதவீதம் சொச்சம். சுமார் 80 கோடிப் பேருக்கு ரேஷன் போடுகிற நாடு இதற்கெல்லாம் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது. அப்படியிருக்கும்போது "எங்கள் வீட்டு விவகாரம்" என்று கதவைச் சாத்தவும் முடியாது. அந்த 500 கோடி எப்படி வந்தது? கொள்முதலை நிறுத்தச் சொல்ல யாருக்காவது அதிகாரம் உண்டா? ரேஷனுக்கென்று ஆதரவு விலையில் வாங்கும் அரிசி ஏற்றுமதிச் சந்தையைக் குலைக்கிறது என்று தாய்லாந்து சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

மரக்கால்:
கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அரசு கையிலிருந்து 500 கோடி டாலர் செலவழித்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆதரவு விலையிலிருந்து, ஒப்பிடுவதற்கென்று நிலையாக வைத்திருக்கும் 1986-88 காலத்து விலையை (ஒப்பு விலை) கழித்து, மிச்சத்தை டன்னால் பெருக்குவார்கள். அவ்வளவுதான். அரிசிக்கு இந்தியாவின் ஒப்பு விலை டன்னுக்கு 262.51 டாலர். அன்றைய ரூபாயில் 3,520.

2018-19இல் சாதா ரக நெல் குவின்டால் 1,750 ரூபாய். 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி என்று வைத்தால், அரிசி டன்னுக்கு 26,120 ரூபாய் ஆகிறது. டாலரை 70 ரூபாயாகப் போட்டால் 373 டாலர். 262.51 போக மிச்சம் 110 டாலர் சொச்சம். அரசு கொள்முதல் செய்தது சுமார் 4.44 கோடி டன் அரிசி. பெருக்கினால் 490 கோடி டாலர். அரசு சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பாருங்கள்.

இனி இரண்டு இடத்தில் கை வைத்துப் பாருங்கள். கொள்முதல் அளவை எடுத்துவிட்டு மொத்த விளைச்சலான 11.65 கோடி டன்னைப் போட்டால் 11 சதவீதம் 29 ஆகிறது. கூடவே டாலரையும் விட்டுவிட்டு ரூபாயிலேயே, அதாவது 26,120இல் 3,520ஐக் கழித்துப் போட்டால் 86 சதவீதம்! நெல் அதேதான், விவசாயியும் அதே ஆள்தான். 2018இல் அமெரிக்கா முந்தைய ஆண்டுகளுக்கு மறுகணக்குப் போட்டு 70 சதவீதத்துக்கு மேல் என்று சொன்னது இந்த வழியில்தான்.

எது சரி? மொத்த விளைச்சல் விஷயத்தில் நம் வாதம் பலவீனம். வாங்கிய அளவல்ல, அந்த விலைக்கு விற்கத் தகுதியுள்ள அளவே கணக்கு என்று அதே அமைப்பில் நடந்த கொரியா மாட்டிறைச்சி வழக்கிலேயே 2000இல் தீர்ப்பு வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய விலையோடு இன்றைய விலையை ஒப்பிடுவதோ சுத்த அபத்தம். மிதமிஞ்சிய பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தமே 18ஆம் பிரிவில் சொல்கிறது. யாரும் கொள்வதில்லை.

ஏழாம் பிரிவு:
மரக்கால் சார் ஒன்றை விட்டுவிட்டார். 10 சதவீதம் வளரும் நாடுகளுக்கு, பணக்கார நாடுகளுக்கு 5 என்று கேட்டால் நமக்குச் சலுகை போலத் தெரியும். ஆனால் அமெரிக்காவுக்கு அதற்கு மேல் 1,910 கோடி டாலர் வரை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 7,200 கோடி யூரோ வரை தனி உரிமை இருக்கிறது. 1990களில் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதிகமாகக் கொடுத்ததற்கே பரிசு. நமக்கு அந்த உரிமை பூஜ்யம். அநீதி என்று எதையாவது சொல்வதென்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கொள்முதலை நிறுத்தச் சொல்லி இப்போதைக்கு வழக்குப் போட முடியாது. 2013 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் பாலி மாநாட்டில் கிடைத்த 'பீஸ் கிளாஸ்', அதாவது வரம்பு தாண்டினாலும் வழக்குப் போடுவதில்லை என்ற ஏற்பாடு, அதற்குத்தான். 2017இல் காலாவதியாகிவிட்டது என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. நிரந்தரத் தீர்வு வரும்வரை நீடிக்கும் என்று 2014 நவம்பரிலேயே முடிவாகிவிட்டது.

ஆனால் ஓட்டைகள் நிறைய. 7.12.2013 அன்று நடப்பில் இருந்த திட்டங்களுக்கு மட்டும்தான் காப்பு. பாரம்பரிய உணவுப் பயிராக இருக்க வேண்டும். கரும்பு அப்படியல்ல. கரும்பு, சர்க்கரை ஆதரவை எதிர்த்துப் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா போட்ட வழக்கில் 2021இல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டு அமர்வோ 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை, வழக்கு அப்படியே தொங்குகிறது. வரம்பு தாண்டியதை நாமே அறிவித்துப் புள்ளிவிவரம் தர வேண்டும், தாமதமானால் அதையே பிடித்துக்கொள்வார்கள். கடைசி நிபந்தனைதான் தாய்லாந்தின் பிடி: அந்த இருப்பு அயல் வர்த்தகத்தைக் குலைக்கக் கூடாது, பிறர் உணவுப் பாதுகாப்பைப் பாதிக்கக் கூடாது.

நொய்க்கஞ்சி:
"ஏற்றுமதி ஆவது வெளிச்சந்தை அரிசி, கிடங்கு அரிசி அல்ல" என்பது டெல்லியின் நிரந்தர பதில். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் சரிதான். ஆனால் அரிசி தண்ணீர் மாதிரி, ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வழியும். கோடிக்கணக்கான வீடுகள் ரேஷனில் வாங்கிக்கொண்டால் சந்தையில் அந்த அளவு மிச்சமாகத்தானே செய்யும்? ரேஷன் அரிசியைப் பாலிஷ் போட்டுப் புது மூட்டையில் கட்டுகிற கள்ளத்தனத்தை நான் சேர்க்கவே இல்லை. பாங்காக்கில் விலை பேசுகிறவனுக்கு இதெல்லாம் உறைக்கத்தான் செய்யும்.

அதைவிடப் பெரிய அநீதி மறுமுனையில் நடந்தது. 2022 செப்டம்பரில் நொய்க்குத் தடை. 20.7.2023இல் பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்குத் தடை, அடுத்த மாதம் புழுங்கலுக்கு 20 சதவீத வரி. அந்த ஆகஸ்டில் ஐ.நா. உணவு அமைப்பின் அரிசி விலைக் குறியீடு 15 ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. நமக்கு நொய் என்றால் கோழித் தீவனம், எத்தனால். செனகலில் மீனோடு சேர்த்துச் சமைக்கும் தேசிய உணவே நொய்யில்தான்.

வளரும் நாடானாலும் அந்தப் பொருளை நிகரமாக ஏற்றுமதி செய்கிற நாடு தடை போடும்முன் அறிவிக்க வேண்டும், வாங்கும் நாட்டின் நிலையைக் கருத வேண்டும் என்கிறது ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு. நடந்தது ராத்திரியோடு ராத்திரி அறிவிப்பு. ஜூலை 1க்குக் கிடங்கில் இருக்க வேண்டிய அரிசி 135.4 லட்சம் டன். இருந்தது அதைத் தாண்டி. பிறகு அரசுக்கு அரசு என்று பங்கு பிரித்தார்கள்: பிலிப்பைன்ஸுக்கு 2,95,000 டன், கேமரூனுக்கு 1,90,000, சிங்கப்பூருக்கு 50,000. மனு கொடுத்தவருக்குக் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டு முறையைத் தடையோடு சேர்த்தே, முன்கூட்டி எழுதின விதியாக வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

ஏழாம் பிரிவு:
நொய்க்கஞ்சி, விதியாக எழுதிக் கொடுத்தால் நாளைக்கு மழை பொய்க்கும்போது நம் கையைக் கட்டும். டெல்லி தயங்குவது அதற்குத்தான்.

நொய்க்கஞ்சி:
இருப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் இந்த விதி நிற்கும் என்று ஒரு அளவைப் போட்டால் போயிற்று. ஒப்பு விலையைச் சமீப ஆண்டுகளின் சராசரிக்கு மாற்றச் சொல்லி நாம் கேட்கிறோம். பதிலுக்கு இதைக் கொடுத்தால் ஆப்பிரிக்க நாடுகள் நம் பக்கம் உறுதியாக நிற்கும். இப்போது ஒப்பு விலை மாற்றத்தையும் கேட்கிறோம், நினைத்தபோது தடை போடும் உரிமையையும் கேட்கிறோம், ஒன்றையும் கொடுப்பதில்லை. 2024இல் உலக வர்த்தக அமைப்பின் அபுதாபி மாநாடு வேளாண்மையில் ஒன்றும் முடிவாகாமல் கலைந்ததற்கு நாம் மட்டும் காரணமல்ல, ஆனால் நமக்கும் பங்குண்டு.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. தருமபுரி, நீலகிரியில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கிறார்களே, 2013க்குப் பிறகு வந்தது என்று அதைப் பிடிப்பார்களா?

ஏழாம் பிரிவு:
கேழ்வரகுக்குப் பயமில்லை என்றே வாதாடலாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 செப்டம்பரிலேயே வந்துவிட்டது, அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் அதிலேயே இருக்கிறது. பருப்பு அதில் இல்லை. 2019இல் அமெரிக்காவும் கனடாவும் பருப்பு ஆதரவு விலைக்கு மறுகணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. அடுத்த தலைவலி அங்கிருந்துதான் வரும்.