கசவுச் சேலையில் மியூரல்: கையிலேயே தொடர்வதா, டேப்லெட்டுக்கு மாறுவதா?

கேட்டவர்: தக்கலைப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கசவுச் சேலையில் (ஜரிகை ஓரம் வைத்த கேரளச் சேலை) மியூரல், அதாவது கோவில் சுவரோவியப் பாணிப் படம், வரைந்து கொடுக்கிறேன். ராதை கிருஷ்ணன், பிள்ளையார், முந்தானையில் மயில், தாமரை. ஆர்டர் பெரும்பாலும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து வரும். ஓணத்துக்கு முந்தைய இரண்டு மாதம்தான் எனக்கு சீசன். அந்த நேரம் பார்த்து ஆடி மழை பிடித்துக்கொள்ளும், பெயிண்ட் காயாது. ஒரு முந்தானைக்கு நாலைந்து நாள் போய்விடும்.

இப்போது டிஜிட்டல் பிரிண்ட் அடித்த மியூரல் சேலை கடைக்குக் கடை தொங்குகிறது. நான் வரைகூலியாகக் கேட்கிற காசுக்கு அவர்கள் சேலையையே தருகிறார்கள். வழக்கமாக வாங்கும் அக்கா ஒருவர், "ரெண்டும் பாக்க ஒண்ணுதானே, எதுக்கு இவ்வளவு வில?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

டேப்லெட் வாங்கி, டிசைன் வரைந்து, பிரிண்ட் அடிப்பவர்களுக்கே விற்கச் சொல்கிறான் அண்ணன். கையிலிருக்கும் தொழிலை விடாதே என்கிறாள் அம்மா. சேமிப்பு 20,000 ரூபாய் இருக்கிறது. டேப்லெட் வாங்கவா, இல்லை நல்ல பிரஷ், பெயிண்ட் வாங்கி, ஒரு ஆசிரியரிடம் போய் மியூரலை முறையாகப் படிக்கவா? வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று உண்டு.

பதில்: கழக்கூட்டம் வாசி

நான் டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் அனிமேஷன் வேலை பார்க்கிறேன். டேப்லெட்தான் வாங்க வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது), பின்னணி, கேரக்டர் எல்லாமே நாங்கள் நேராகத் திரையில்தான் வரைகிறோம். சேலை சீசன் வேலை. டிஜிட்டல் தெரிந்தால் பன்னிரண்டு மாதமும் சம்பளம் வரும். ஆனால் வேலைக்கு எடுக்கும்போது போர்ட்ஃபோலியோவில் (நாம் வரைந்தவற்றின் தொகுப்பில்) ஆள் உருவம் வரைந்த பேப்பர் ஸ்கெட்ச் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். அதனால் பென்சிலையும் விட்டுவிடாதீர்கள்.

பதில்: களியக்காவிளை போர்டுக்காரன்

மக்களே, தம்பி சொன்னது சம்பள வேலைக்குச் சரி. நீ கேட்டது அதை இல்லையே.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். மாநில எல்லைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம். ஃபிளெக்ஸ் வந்ததும் பிரஷ் வேலை படுத்துவிட்டது. சரியென்று கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற கோரல்டிரா படித்தேன். அப்புறம் 2019-ல் கேரளத்தில் பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை போட்டார்கள். துணி பேனரும் சுவரெழுத்தும் திரும்ப வந்தன, எழுத ஆள்தான் இல்லை. ஆகவே என் கடையில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, எனாமல் டப்பாவும் இருக்கிறது. ஒன்றை விட்டால்தான் மற்றது வரும் என்று யார் சொன்னது?

ஒரு வேலை வந்தால் நான் முதலில் பார்ப்பது, படம் கடைசியில் எதில் போய் உட்காரப் போகிறது என்பதை. அச்சுக்குப் போகிறதென்றால் முதல் கோடே கம்ப்யூட்டரில். கையால் வரைந்து போட்டோ எடுத்து அச்சுக்கு அனுப்பினால் நிறம் செத்துப்போகும். திரையில் வரைந்தாலும் அங்கே தெரிகிற கிளிப்பச்சை அச்சில் அப்படியே வராது என்பது வேறு கதை. துணியில், சுவரில் நிற்கப் போகிற படம் என்றால் கடைசிக் கோடு கையால்தான். உன் படம் துணியில் நிற்கிறது.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்ற அந்த அக்காவுக்கு வாயால் பதில் சொல்லாதே. பிரிண்ட் சேலை ஒன்றை வாங்கி, உன் சேலைக்குப் பக்கத்தில் விரித்து, ஒரு சாண் தூரத்திலிருந்து போட்டோ எடு. கிருஷ்ணனின் கண்ணை மட்டும் எடு. நீ இழுக்கிற கறுப்புக் கோடு மேலிமையில் தடித்து, கடைக்கண்ணுக்குப் போகப் போக முடி மாதிரி மெலியும். பிரிண்டில் அந்தக் கோட்டின் ஓரம் பொடிப்பொடிப் புள்ளியாக உடைந்திருக்கும். அடுத்து கசவு ஓரத்தை எடு. நீ ஜரிகையைத் தொடாமல் அதன் விளிம்பு வரை நிறம் கொண்டுபோவாய். மெஷினுக்கு ஜரிகை எது, நூல் எது என்று தெரியாது. ஒன்று மேலே ஏறியிருக்கும், இல்லை அரை விரல் முன்னாலேயே நின்றிருக்கும். இந்த இரண்டு போட்டோ போதும். அப்புறமும் ஒன்றுதான் என்கிறவர் உன் கஸ்டமர் இல்லை, விட்டுவிடு.

அண்ணன் சொல்கிறபடி டிசைன் விற்பதைப் பற்றி. பிரிண்ட்காரர்கள் ஒரு டிசைனுக்கு ஒரு தடவை காசு கொடுப்பார்கள், அதுவும் கொஞ்சம்தான். இப்போது பாதிப் பேர் ஏஐயில் படம் எடுத்து அப்படியே அடிக்கிறார்கள். கிருஷ்ணனுக்கு ஆறு விரல் இருந்தாலும் கவலையில்லை, மடிப்பில் மறைந்துவிடும்! அந்த விலைக்கு அவர்களோடு மல்லுக்கட்ட உன்னால் முடியாது, முடியவும் வேண்டாம்.

ஓவியர் ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கிற வேலை, கம்ப்யூட்டரில் வரைகிற நீங்கள் இன்று லேயர் (அடுக்கு) என்கிறீர்களே, அதுதான். அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு பூஜையறையில் ஏறினார்கள். அதனால் அவர் எண்ணெய் ஓவியத்தின் மதிப்பு குறையவில்லை, திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் போய்ப் பார். இரண்டையும் வாங்கியவர்கள் வேறு வேறு ஆட்கள்.

உன் 20,000-க்கு வருகிறேன். திரை இல்லாத சாதாரண பேனா டேப்லெட் மூவாயிரம் நாலாயிரத்துக்குள் கிடைக்கும். கிரிட்டா என்ற வரைகிற சாஃப்ட்வேர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் மெதுவாக ஓடும். கண் ஸ்கிரீனிலும் கை மேசையிலும் இருப்பது கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும். இதை வைத்து டிசைன் விற்காதே, ஆர்டர் பிடி. கஸ்டமர் சேலையின் போட்டோவைக் கீழே வைத்து, மேல் லேயரில் முந்தானை டிசைனைப் போட்டுக் காட்டு. மயில் இடமா வலமா, பச்சையா காவியா, எல்லாம் அங்கேயே மாற்றி ஓகே வாங்கி, அட்வான்ஸ் வாங்கிவிட்டு அப்புறம் துணியைத் தொடு. அவுட்லைனை அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி மேசைக்கு அடியில் லைட் போட்டு மேலே சேலையை விரித்துக் கோடு எடு. நாலு நாள் வேலையில் ஒரு நாள் மிச்சம்.

மீதிக் காசு முழுக்கப் பிரஷுக்கும் படிப்புக்கும். உனக்குக் கோடு இன்னும் நிற்க வேண்டும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் உனக்குப் பக்கம்தானே, அங்கே சுவரில் பழைய மியூரல் இருக்கிறது. மங்கியிருந்தாலும் கோடு எங்கே வளைகிறது என்று நின்று பார்த்தாலே பாதிப் பாடம்.

பதில்: பாலராமபுரம் துணிக்கடை

வியாபாரி என்ற முறையில் இரண்டு விஷயம். புதுக் கைத்தறியில் கஞ்சி இருக்கும். அதை அலசி எடுக்காமல் வரைந்தால் நாலு துவைப்பில் பெயிண்ட் உரியும், பழி உங்கள் மேல் வரும். அக்ரிலிக் பெயிண்டில் ஃபேப்ரிக் மீடியம் (பெயிண்ட் துணியில் பிடிக்கச் சேர்க்கும் திரவம்) கலந்து, நன்றாகக் காய்ந்தபின் உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடுங்கள்.

இன்னொன்று, மலிவான பிரிண்ட்டில் ஒரு பகுதி சப்ளிமேஷன், அதாவது சூடாக்கி மையைத் துணியில் ஏற்றுகிற அச்சு. அந்த மை பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. அதாவது உங்களோடு போட்டி போடுகிற சேலைகளில் பல கைத்தறியே இல்லை. கஸ்டமரிடம் சேலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: தக்கலைப் பொண்ணு

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. கஞ்சி விஷயம் பாதிதான் தெரியும், கடைக்கார அண்ணனுக்கும் நன்றி. சிறிய டேப்லெட்டே வாங்குகிறேன். ஒரு பயம்தான். கஸ்டமருக்கு அனுப்புகிற டிசைனை அவர்கள் நேராகப் பிரிண்ட்காரனிடம் கொடுத்துவிட்டால்? பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு அப்படி நடந்தது.

பதில்: களியக்காவிளை போர்டுக்காரன்

நடக்கும் மக்களே. வாட்ஸாப்பில் போகிற படம் சின்ன அளவில் போகட்டும், ஆயிரம் பிக்சலுக்கு மேல் வேண்டாம். உன் பெயரை மூலையில் போடாதே, வெட்டிவிடுவார்கள். முகத்துக்குக் குறுக்காக மங்கலாகப் போடு. முழு ஃபைல் உன் லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது.

எப்போதாவது ஒருவருக்கு டிசைன் விற்றால் எழுதி வாங்கு, எத்தனை வருஷத்துக்கு என்றும் எழுது. காலம் எழுதாவிட்டால் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி 5 வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள். டிசைன் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உன் சம்மதத்தோடு மெஷினில் 50 பிரதிக்கு மேல் அடித்தால் அந்தக் காப்புரிமையே போய்விடும், 1957 சட்டத்தின் 15-ஆம் பிரிவு. சேலைக்காரன் 50 அடிப்பது ஒரு காலை வேலை. அதனால் பதிவு செய்யாமல் கொடுப்பதென்றால் மொத்தமாக விற்றதாகவே நினைத்து விலை சொல்.