10 கிலோ டிராக் இல்லையென்றால் அது குளத்து ரீலாம்!

நங்கூரம்:
ஒரு தம்பி கேட்டிருந்தார்: கரையிலிருந்து 30, 40 கிராம் லூர் (போலி இரை) வீச வேண்டும், சீலா மீனும் நடுத்தரப் பாறை மீனும்தான் குறி, எந்த ஸ்பின்னிங் ரீல், எந்த ராட் (தூண்டில் கம்பு) என்று. அதற்குச் சீலாப்பிரியன் அருளிய பதில்: "கடலுக்கு என்றால் டிராக் எண்ணை மட்டும் பாருங்கள். 10 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது குளத்து ரீல். ராட் எதுவானாலும் சமாளிக்கலாம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பெட்டியில் அச்சடித்திருப்பது அந்த டிராக், அதாவது மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக், எவ்வளவு வரை இறுகும் என்பது. நீங்கள் வைத்து மீன் பிடிக்கப் போகும் அளவு அது இல்லை. டிராக்கை நரம்பின் உடையும் பளுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பதுதான் வழக்கம். 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) என்றால் ஏறக்குறைய 13.6 கிலோ. மூன்றில் ஒரு பங்கு 4.5 கிலோ. மீதி ஐந்தரை கிலோவை வைத்து என்ன செய்வது, வீட்டில் துணி காயப்போடுவதா?

சீலாப்பிரியன்:
வந்துவிட்டார் வாத்தியார். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பாறை மீன் கல்லுக்குள் தலையை விடும்போது அதனிடமும் இந்த மூன்றில் ஒரு பங்கைச் சொல்லிப் பாருங்கள். 10 கிலோ இருந்தால் இறுக்கி நிறுத்தலாம். 5 கிலோ ரீலில் என்ன செய்வீர்கள், கும்பிடுவீர்களா? நான் சொன்னது சொன்னதுதான். 10 கிலோ.

கரைவலை:
சீலாப்பிரியன் சொல்வதில் தப்பு இல்லை. பெரிய பாறை மீனுக்குப் பாப்பர் லூர் வீசுகிறவர்கள் பி.இ. 8 (பிரெய்டின் தடிமன் எண்) நரம்பில் 10 கிலோவுக்கு மேலேயே டிராக் வைக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

நங்கூரம்:
கரைவலை ஐயா, அந்தத் தம்பி கேட்டது 40 கிராம் லூருக்கு. பி.இ. 8 வீசுகிறவர்கள் 100 கிராமுக்கு மேலே வீசுகிறார்கள், ராட் கைத்தடி மாதிரி இருக்கும், இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பார்கள். அதைக் கொண்டுவந்து இங்கே வைப்பது என்ன நியாயம்?

சரி, 10 கிலோவையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது அடி ராட். வளைந்த பிறகு நுனி உங்கள் முன்கையிலிருந்து (கம்பை முன்னால் பிடித்த கை) ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறது, நரம்பு கம்புக்குக் குறுக்காக இழுக்கிறது என்று வையுங்கள். ராட்டின் அடிமுனை முன்கையிலிருந்து 40 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டால் அடிமுனையை 37.5 கிலோ விசையில் அழுத்த வேண்டும். முன்கை தாங்க வேண்டியது 47.5 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டையை முன்கையில் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் நிற்கப் போகிறீர்களா? அதற்கு முன்பே 50 கிராம் எழுதிய கார்பன் ராட் இரண்டாகியிருக்கும். "ராட் எதுவானாலும் சமாளிக்கலாம்" என்று எழுதிய கைக்கு ஒரு கும்பிடு.

சீலாப்பிரியன்:
கம்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் அப்படித்தான். பெரிய மீனுக்குக் கம்பைத் தாழ்த்தி, நரம்பை நோக்கிக் காட்டிப் பிடிப்போம். அப்போது உங்கள் ஒன்றரை மீட்டர் எங்கே போயிற்று? ஏட்டில் மீன் பிடிப்பவருக்கு இது தெரியாது.

நங்கூரம்:
கம்பை நரம்புக்கு நேராகக் காட்டினால் கம்பு வேலையே செய்யாது. பிரெய்டு இழுபடாது, எனவே மீன் தலையை உதறும் ஒவ்வொரு உதறலும் நேராகக் கொக்கியில் விழும். வாய் கிழிந்து போகும், இல்லையென்றால் கொக்கி நிமிரும். அப்புறம் ராட் எதற்கு? கைத்தூண்டிலிலேயே பிடிக்கலாமே.

அலைமேடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இருவரும் சொல்லும் 10 கிலோ எங்கே அளந்தது? நரம்பு சுற்றிய ஸ்பூலிலிருந்து நேராக இழுத்தா, கைடு (கம்பிலுள்ள வளையம்) வழியாக வளைந்த கம்பின் நுனியிலா? ஸ்பூல் நிறைய இருக்கும்போதா, பாதி காலியான பிறகா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 60 மில்லிமீட்டராக இருந்து, நரம்பு ஓடி 45 ஆனால், திருகைத் தொடாமலேயே 3 கிலோ டிராக் 4 கிலோ ஆகிவிடும்.

சீலாப்பிரியன்:
10 கிலோ என்றால் 10 கிலோ. இதில் எங்கே அளந்தது, யார் அளந்தது என்று என்ன ஆராய்ச்சி?

உப்புக்கை:
எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஷிமானோ ஸ்ட்ராடிக் 4000 அளவு ரீலில் டிராக் 11 கிலோ என்று போட்டிருக்கிறான். டைவாவின் எல்.டி. வரிசை 4000-களில் 12 கிலோ. 300 கிராம்கூட எடை இல்லாத ரீல்கள். சீலாப்பிரியன் அளவுகோலில் இவை இரண்டும் கடல் ரீல்கள்தானே? இவற்றில் பி.இ. 6 சுற்றிப் பெரும்பாறை மீனைத் தேடிப் போகலாமா? பதில் வேண்டும்.

சீலாப்பிரியன்:
அது எழுதி வைத்த எண். உண்மையில் அவ்வளவு வராது.

உப்புக்கை:
அதைத்தானே முதல் பதிவிலிருந்து நங்கூரம் சொல்கிறார்!

சீலாப்பிரியன்:
இல்லை. அவர் சொல்வது எண் தேவையில்லை என்று. நான் சொல்வது நல்ல ரீலில் அந்த எண் உண்மையாக இருக்கும் என்று. வித்தியாசம் புரியாவிட்டால் நான் பொறுப்பில்லை. 10 கிலோ, அதுவும் உண்மையான 10 கிலோ.

நங்கூரம்:
இப்போது "உண்மையான" என்று ஒரு சொல் முளைத்திருக்கிறது. நாளைக்கு இன்னொன்று முளைக்கும். போன முறை பிரெய்டை இன்னொரு நரம்போடு இணைக்கும் எஃப்.ஜி. முடிச்சு விவாதத்திலும் இதே கதைதான். முதலில் "ஈரம் தேவையில்லை" என்றார், அப்புறம் "அதிகமாகத் தேவையில்லை" என்றார், கடைசியில் நாங்கள்தான் தவறாகப் படித்தோமாம்.

டிராக்கில் பார்க்க வேண்டியது வேறு. நின்ற நிலையிலிருந்து ஸ்பூல் நகரத் தொடங்கும் அந்தக் கணம் சிக்காமல் வழுக்கி ஓட வேண்டும். ஓடும்போது 3 கிலோ காட்டிவிட்டுத் தொடக்கத்தில் 5 கிலோவில் முரண்டு பிடிக்கும் டிராக்கால்தான் மெல்லிய நரம்பு அறுகிறது. கார்பன் வாஷர், அதற்கான கிரீஸ், உப்புநீர் புகாத ஸ்பூல் மூடி, இவற்றைக் கேளுங்கள். ஒரு தராசு வாங்கி நரம்பில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்து "நாலு கிலோ இருக்கும்" என்று சொல்கிறவர்களின் நாலு கிலோ பெரும்பாலும் இரண்டைத் தாண்டாது.

கரைவலை:
தராசு வைத்து மீன் பிடித்த காலம் எங்களுக்குத் தெரியாது தம்பி. விரலுக்குத் தெரியும். ஆனால் ஒன்று, உப்புநீர் புகாத ரீல் என்று சொன்னீர்களே, அது வாங்கினால் கழுவும் வேலை மிச்சம். என் சீல் ரீலைக் குழாயை முழுவேகத்தில் திறந்து அடித்துக் கழுவுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

உப்புக்கை:
ஐயா, வேலை மிச்சம் என்கிறீர்கள், முழுவேகத்தில் கழுவவும் செய்கிறேன் என்கிறீர்கள். எது?

கரைவலை:
பென் நிறுவனத்தின் ஸ்பின்ஃபிஷர் 6 ரீலுக்கு ஐ.பி.எக்ஸ். 5 என்ற நீர்புகாத் தர முத்திரை கொடுத்திருக்கிறான். தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சோதித்துத் தருகிறார்கள். குழாய்த் தண்ணீருக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

நங்கூரம்:
ஐ.பி.எக்ஸ். 5 சோதனை என்பது 6.3 மில்லிமீட்டர் முனையில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் நல்ல தண்ணீர், இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி நின்று, சில நிமிடங்கள். அதே நிறுவனத்தின் ஸ்லாம்மர் 3-க்குக் கொடுத்த ஐ.பி.எக்ஸ். 6-இல் முனை 12.5 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 100 லிட்டர். இவை புது ரீலுக்குப் போட்ட முத்திரை. சீல் ரப்பர் தேய்ந்து, உப்புப் படிகம் ஒட்டிய பிறகு யாரும் வந்து சோதிப்பதில்லை. மீட்டர் கணக்கில் தள்ளி நின்றா கழுவுகிறீர்கள்? முனையை லைன் ரோலரிலேயே (நரம்பு உருண்டு வரும் சிறு உருளை) வைத்து அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். டிராக்கை இறுக்கு, மெல்லத் தூவு, துடை, காய விடு, பிறகு டிராக்கைத் தளர்த்தி வை. சீல் இருந்தாலும் லைன் ரோலர் பேரிங்தான் பெரும்பாலும் முதலில் கரகரக்கும். டைவாவின் மேக்சீல் (காந்த எண்ணெய் அடைப்பு) ரீலில் இன்னும் கவனம் வேண்டும். காந்த எண்ணெய் அடைத்திருக்கும் இடத்தில் சொந்த எண்ணெயை ஊற்றினால் அடைப்பே போய்விடும்.

சீலாப்பிரியன்:
கேட்டது ரீல் தேர்வு, நீங்கள் சொல்வது குளிப்பாட்டும் முறை. 10 கிலோ விஷயத்தில் பதில் இல்லாமல் ஓடுகிறீர்கள் என்று எல்லாருக்கும் தெரிகிறது.

புதுத்தூண்டில்:
வணக்கம், கேள்வி கேட்டது நான்தான். எட்டாயிரம் அளவு எடுக்கலாமா, நாலாயிரமா என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

நங்கூரம்:
தம்பி, 4000 அல்லது 5000. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் 4000 இன்னொரு நிறுவனத்தின் 4000-க்குச் சமமாக இருக்க வேண்டும் என்று எந்தப் பொது அளவும் இல்லை. டைவா எல்.டி. வரிசையைக் கொண்டுவந்தபோது தன் பழைய அளவு எண்களையே மாற்றிவிட்டது. பி.இ. 2 இருநூறு மீட்டர் கொள்கிறதா, எடை எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நரம்பு ஏறும் என்றும் பாருங்கள். 55 மில்லிமீட்டர் ஸ்பூலும் 6.2 கியர் விகிதமும் என்றால் சுற்றுக்கு ஒரு மீட்டருக்கு மேல், சீலாவுக்கு அந்த வேகம் வேண்டும். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், 4 நல்ல பேரிங் 12 துருப்பிடிக்கும் பேரிங்கைவிட மேல். ராட் ஒன்பது அடி, 15 முதல் 50 கிராம் வரை எழுதியது, கைடு துருப்பிடிக்காத சட்டம். ரீலை மாட்டி ரீல் கால் பக்கத்தில் ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். நுனி தரையை நோக்கிச் சரிந்தால் பொழுது முடிவதற்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். கனரக 8000 ரீல்கள் பெரும்பாலும் 600 கிராமைத் தாண்டும். அதை 50 கிராம் ராட்டில் மாட்டிவிட்டு நாள் முழுக்க வீச முடியாது.

சீலாப்பிரியன்:
பார்த்தீர்களா, நாலாயிரத்தில் 11 கிலோ இருக்கிறது என்று உப்புக்கை சொன்னார், நாலாயிரம் எடு என்று இவர் சொல்கிறார். ஆக 10 கிலோவுக்கு மேலே உள்ள ரீலைத்தான் பரிந்துரைக்கிறார். என் வாயிலிருந்து வந்தால் தப்பு, இவர் வாயிலிருந்து வந்தால் வேதம்.

உப்புக்கை:
அடேங்கப்பா.

நங்கூரம்:
அந்த எண்ணுக்காகவா பரிந்துரைத்தேன்? 7 கிலோ எழுதிய ரீலாக இருந்தாலும் அதே பதில்தான். 4 கிலோவில் ஒழுங்காக ஓடினால் போதும் என்கிறேன். தமிழில்தானே எழுதியிருக்கிறேன்?

அலைமேடு:
இன்னும் யாரும் எங்கே அளந்தது என்று சொல்லவில்லை.

கரைவலை:
எடை, சமநிலை எல்லாம் சரி. அலுமினிய உடல் ரீல் எடுங்கள் தம்பி, முறுக்காது.

உப்புக்கை:
முறுக்காது, உண்மை. ஆனால் அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு, நடுவில் உப்புநீர். பூச்சு கீறிய இடத்தில் அலுமினியம்தான் அரிக்கப்படும், திருகு உள்ளேயே பிடித்துக்கொள்ளும். என் ரீல் ஒன்றில் திருகைக் கழற்றப் போய்த் தலை மட்டும் கையோடு வந்தது. திருகுக்கு ஒரு துளி கிரீஸ் வையுங்கள்.

சீலாப்பிரியன்:
பராமரிக்கத் தெரியாதவர்களின் ரீல் கதையை எல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. கல்லுக்குள் ஓடும் மீனை 4 கிலோவில் நிறுத்திய படம் ஒன்று போடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நங்கூரம்:
நிறுத்த 4 கிலோ போதாவிட்டால் விரலால் ஸ்பூல் விளிம்பை ஒரு நொடி அழுத்துவோம், கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து மீனின் தலையைத் திருப்புவோம். டிராக் திருகை மட்டும் நம்பி நிற்பவர்கள்தான் 10 கிலோ 10 கிலோ என்று புலம்புகிறார்கள். இன்னொன்று, வீசியதும் பெயில் கம்பியை (நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் வளைந்த கம்பி) ஹேண்டிலைச் சுற்றி மூடுகிறவர்கள் பிரெய்டில் வளையம் விழுந்து சிக்கியதும் ரீலைத் திட்டுவார்கள். முதலில் அதைக் கையால் மூடப் பழகுங்கள்.

சீலாப்பிரியன்:
கையால்தான் மூடுகிறேன். ஹேண்டிலால் மூடுகிறேன் என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள்.

நங்கூரம்:
உங்களைச் சொன்னேன் என்று நான் எங்கே எழுதினேன்?

சீலாப்பிரியன்:
யாரைச் சொன்னீர்கள் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். விரலால் ஸ்பூலை அழுத்துவாராம். 30 பவுண்டு பிரெய்டு ஓடும்போது அந்த விரலைப் படம் எடுத்துப் போடுங்கள், மீன் படம் வேண்டாம்.

உப்புக்கை:
நரம்பின் மேலே இல்லை சாமி, ஸ்பூல் விளிம்பில். விளிம்பு என்று எழுதியிருக்கிறார்.

சீலாப்பிரியன்:
நீங்கள் அவருக்கு வக்கீலா?