படுக்கைப்புண் ஆறவில்லை, மூன்று நாளாகப் பாட்டி மந்தம்: எதை முதலில் பார்ப்பது?

கோத்தகிரி_சுற்று கேட்டது:

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவத்தின் ஆதரவு சிகிச்சைச் சுற்றில் வரும் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். பாட்டிக்கு 84 வயது, எடை 38 கிலோ. பக்கவாதத்தில் வலது பக்கம் பலமில்லை. ஐந்து மாதமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சாப்பாடு வாயால்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளிமிப்ரைடு 2 காலையில், பி.பி.க்கு அம்லோடிபின் 5. கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) கிடையாது, டயபர். வீடு தேயிலைத் தோட்டத்துக்குள், சாலையிலிருந்து எழுபது படி கீழே.

வால் எலும்பின் மேல் புண்: 4 × 3 செ.மீ., ஆழம் 1 செ.மீ., அடியில் மஞ்சள் சவ்வு. ஆறு வாரமாக அதே அளவு. ஏர் பெட் (பம்ப்பால் காற்று மாறி மாறி ஏறி இறங்கும் மெத்தை) இருக்கிறது. மருமகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார், நோட்டில் நேரமும் எழுதுகிறார், அதில் குறை சொல்ல முடியாது. தினமும் சலைனில் கழுவி பீட்டாடின் காஸ்.

இப்போது மூன்று நாளாகப் பாட்டி மந்தம். கூப்பிட்டால் கண் திறக்கிறார், உடனே தூங்கிவிடுகிறார். காய்ச்சல் இல்லை, பாதரசத் தெர்மாமீட்டர் முதல் கோட்டிலேயே நிற்கிறது. விரல் ஆக்ஸிமீட்டர் ஒருமுறை 84, பிறகு 95, மறுபடி 88. இரண்டு நாளாகத் தண்ணீராகப் பேதி. டயபர் எப்போதும் ஈரம், ஆகவே சிறுநீர் போகிறது. "காலம் வந்துவிட்டது" என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் நாளை மறுநாள்தான் வருவார். போனில் அவரிடம் சொல்வதற்கு முன் என்னென்ன பார்த்து வைக்கட்டும்? ஏர் பெட்டை மாற்றி வாட்டர் பெட் போடலாமா?

---

மலைவார்டு_சிஸ்டர்:

சிஸ்டர், புண் ஆறு வாரமாக இருக்கிறது, மந்தம் மூன்று நாளாகத்தான். புதிதாக வந்ததை முதலில் பாருங்கள். மூன்று நாளில் வந்த மந்தம் வயசு அல்ல. கத்திக் கலாட்டா செய்யும் குழப்பத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் தூங்கிக் கிடக்கும் குழப்பத்தைத்தான் "அமைதியாக இருக்கிறார்" என்று விட்டுவிடுகிறோம்.

இந்த வரிசையில் போங்கள்.

சர்க்கரை. மந்தத்தில் சாப்பாடு குறைந்திருக்கும், சர்க்கரையை இறக்கும் கிளிமிப்ரைடு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. 70-க்குக் கீழே இருந்தால் மந்தத்துக்கு அதுவே போதும். நன்றாக விழுங்குகிற நிலையில் இருந்தால் மட்டும் வாயில் சர்க்கரைத் தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும். அந்த நிலையில் ஊசிதான், உடனே 108.

உடல் சூடு. பாதரசத் தெர்மாமீட்டரில் ஏறத்தாழ 35 டிகிரிக்குக் கீழே கோடே கிடையாது. முதல் கோட்டில் நிற்கிறது என்றால் உடம்பு அதற்கும் கீழே இருக்கலாம். காய்ச்சல் இல்லை, ஆகவே பயமில்லை என்று அர்த்தமில்லை, உடம்பு குளிர்ந்துபோயிருக்கலாம் என்று அர்த்தம். டிஜிட்டல் எடுத்துப் போய் அக்குளில் வைத்துப் பாருங்கள். இந்த வயதில் தொற்று வந்தாலும் சூடு ஏறாமல் இறங்கலாம். அதனால் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், நாடி, பி.பி. எழுதுங்கள். மூச்சு 22-க்கு மேலே, அல்லது பி.பி. மேல் எண் 100-க்குக் கீழே என்றால் நாளை மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அடிவயிறு. டயபர் ஈரமாக இருப்பதை நம்பாதீர்கள். மூத்திரப்பை நிரம்பி வழிந்தாலும் டயபர் நனையும். தொப்புளுக்குக் கீழே கை வைத்து அழுத்துங்கள், தட்டிப் பாருங்கள். மேடாக, மந்தமான ஒலியாக, பாட்டி முகம் சுளிப்பதாக இருந்தால் உள்ளே தேங்கியிருக்கிறது.

மலம். "பேதி" என்கிறீர்களே, அதற்கு முன் கடைசியாக உருவான மலம் எப்போது போனது? ஒரு வாரம் கட்டியாக அடைத்திருந்தால் அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசியும். அதைப் பேதி என்று நினைத்து லோப்பராமைடு கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கையுறை, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல், ஆசனவாயில் ஒரு விரல். பார்க்காமல் சொல்ல முடியாது.

மருந்து. மருந்துச் சீட்டைப் பார்த்தால் போதாது, ஜன்னல் மேடை, தலையணை அடி, அலமாரி எல்லாம் பாருங்கள். குளிர்காலத்தில் கடையில் கேட்டு வாங்கிய இருமல் சிரப் இல்லாத வீடு இந்த மலையில் குறைவு. குளோர்ஃபெனிரமின் இருக்கிறதா என்று லேபிளில் தேடுங்கள். அது ஒன்றே தூக்கம், குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம் நான்கையும் கொடுக்கும். தூக்க மாத்திரை, அமிட்ரிப்டிலின் இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிமீட்டர். குளிர்ந்த விரலில் அது சொல்வதற்கு மதிப்பில்லை. கையை ஐந்து நிமிடம் கம்பளிக்குள் வைத்து, சூடேறிய பிறகு மாட்டி, துடிப்புப் பட்டை ஒரே சீராக ஓடிய பின் ஒரு நிமிடம் கழித்து எண்ணைப் படியுங்கள். மருதாணி இல்லாத விரலாக இருக்கட்டும். நம் உயரத்தில் வயதானவர்களுக்குச் சமவெளி எண்ணை எதிர்பார்க்க முடியாது. நன்றாக இருக்கும் நாளில் அவருக்கு எவ்வளவு என்று அட்டையில் எழுதி வைத்திருந்தால்தான் இன்றைய எண் இறக்கமா இல்லையா என்று தெரியும்.

கடைசியாக, ராத்திரியில் அறைக்குள் கரிச்சட்டி வைக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் காலையில் தலைவலி என்றால் கரிச்சட்டி வாயுவைச் சந்தேகியுங்கள். கார்பன் மோனாக்சைடு உள்ளே போனாலும் ஆக்ஸிமீட்டர் 98 என்றே காட்டும், அந்தக் கருவிக்கு ஆக்சிஜனும் அதுவும் ஒன்றுதான்.

---

தேயிலைக்காடு:

வாட்டர் பெட் மாற்றினால் நல்லதுதான், அழுத்தம் ஒரே சீராகப் பரவும். மஞ்சள் சவ்வுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரைக்க விட்டால் கழன்று வந்துவிடும்.

---

கொடை_வீட்டுச்செவிலி:

இரண்டுக்கும் மறுப்பு.

வாட்டர் பெட் சமவெளிக்குச் சரி. இங்கே டிசம்பர் ராத்திரியில் அறையே 12 டிகிரிக்கு வரும்போது பைக்குள் இருக்கும் தண்ணீரும் அந்த அளவுக்குத்தான் வரும். 38 கிலோ உடம்பின் சூட்டை அது ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் வெந்நீர் நிரப்பினாலும் நாலு மணி விடியற்காலையில் என்ன ஆகும்?

பெராக்சைடு செத்த சவ்வையும் புதிதாக வளரும் சதையையும் பிரித்துப் பார்க்காது. பீட்டாடினும் அப்படித்தான். தொற்று தெரிந்தால் சில நாள் போடலாம், ஆறு வாரம் தினமும் வேண்டாம். கழுவுவதற்கு வீட்டிலேயே சலைன்: அரை லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, மூடி வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கட்டும், 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த சலைன் புண்ணையும் குளிர வைக்கும். 20 மி.லி. சிரிஞ்சால் பீய்ச்சுங்கள், தேய்க்க வேண்டாம். நாற்றம் இருந்தால் டாக்டரிடம் கேட்டு மெட்ரோனிடசோல் 400 மாத்திரையைப் பொடித்துத் தூவலாம். மேலே ஈரக் காஸ், அதன் மேல் உலர்ந்த காஸ். குழிக்குள் காஸை இறுக்கித் திணித்தால் அதுவே உள்ளிருந்து அழுத்தும். சுற்றியுள்ள தோலில் ஜிங்க் ஆக்சைடு மெல்லிய பூச்சு.

ஏர் பெட்டைத் தூக்கிப் போடும் முன் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பாட்டியின் வால் எலும்புக்கு நேராக, மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் அந்த மெத்தையும் வெறும் பலகையும் ஒன்றுதான். பம்ப் குமிழை அவர் எடைக்குத் திருப்புங்கள். "கூட வைத்தால் நல்லது" என்று முழுக்க முறுக்கி வைப்பார்கள், அப்போது மெத்தை கல் மாதிரி ஆகிவிடும். முக்கியமாக, மெத்தைக்கும் பாட்டிக்கும் நடுவில் எத்தனை அடுக்கு இருக்கிறது? ஒரு பருத்தித் துணி, இறுக்கிச் செருகாமல், அவ்வளவுதான். குளிருக்காக அடியில் கம்பளி மடித்துப் போட்டிருந்தால் காற்று ஏறி இறங்குவது அவர் தோலுக்கே எட்டாது. கம்பளி எல்லாம் மேலே. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை, கழுத்துக்குத் துணி.

வெந்நீர்ப் பையைப் படுக்கும் முன் பத்து நிமிடம் மெத்தையில் வைத்து எடுத்துவிடலாம். உள்ளே விட்டுவிட்டுத் தூங்கவிடக் கூடாது. சர்க்கரை நோயும் பக்கவாதமும் உள்ள காலுக்குச் சுடுவது தெரியாது, காலையில் கொப்புளம்தான் சொல்லும்.

---

கோத்தகிரி_சுற்று:

போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சர்க்கரை 118. கரிச்சட்டி இல்லை, அடுப்பு சமையலறையில்தான். அக்குளில் டிஜிட்டல் 94.6 ஃபாரன்ஹீட், அதாவது 34.8. மூச்சு 18, நாடி 76, பி.பி. 112/70. விரல் சூடேறிய பிறகு ஆக்ஸிமீட்டர் 94-லேயே நிற்கிறது.

அடிவயிறு மேடு. விரலில் கல் மாதிரி மலம். கடைசியாக ஒழுங்காகப் போய் ஒன்பது நாள். ஜன்னலில் இருமல் சிரப், குளோர்ஃபெனிரமின் உள்ளது, ஐந்து நாளாக மூன்று வேளை இரண்டு டீஸ்பூன். ராத்திரி டயபர் மாற்றினால் குளிரில் நடுங்குகிறார் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லை. மெத்தைக்கு மேல் பிளாஸ்டிக், அதற்கு மேல் நான்காக மடித்த கம்பளி, அதற்கு மேல் துணி. கையை விட்டதும் எலும்பு முட்டியது.

டாக்டரிடம் போனில் சொன்னேன். சிரப்பையும் கிளிமிப்ரைடையும் நிறுத்தச் சொன்னார். 14 அளவு கத்தீட்டர் போட்டதில் 900 மி.லி. வந்தது. நாளை காலை அவரே வருகிறார். ரத்தத்தில் சோடியம், கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தாகிவிட்டது. அடைத்திருக்கும் மலத்துக்கு பாஸ்பேட் எனிமா கைவசம் இருக்கிறது, போடலாமா?

---

மலைவார்டு_சிஸ்டர்:

அதைப் போட வேண்டாம். தண்ணீர் வற்றிய, சிறுநீரகம் எப்படி என்று தெரியாத 84 வயது உடம்பு. பாஸ்பேட் உள்ளே தங்கினால் ரத்த உப்புகள் தாறுமாறாகும். கல்லாக இருப்பதற்குக் கிளிசரின் மாத்திரம் போதாது. டாக்டர் சம்மதித்தால், இடது பக்கம் படுக்க வைத்து, லிக்னோகெயின் ஜெல் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, ஒரு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுங்கள். கூட ஒருவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். நாடி குறைந்தாலோ வியர்த்தாலோ நிறுத்திவிடுங்கள். முழுக்க ஒரே நாளில் எடுத்தாக வேண்டும் என்றில்லை. பிறகு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. இரண்டு வேளை. இது தண்ணீர் இல்லாமல் வேலை செய்யாது.

34.8-ஐ மெதுவாக ஏற்றுங்கள். அறையைச் சூடாக்கி, 18 டிகிரிக்குக் குறையாமல், மேலே அடுக்கடுக்காகப் போர்த்தினால் போதும். கை காலைத் தேய்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் 35-ஐத் தாண்டவில்லை, அல்லது எழுப்பினால் கண் திறப்பதும் நின்றுவிட்டது என்றால், ஆஸ்பத்திரி.

தண்ணீர்க் கணக்கு 38 கிலோவுக்கு ஒரு நாளில் சுமார் 1,100 மி.லி. அதில் முக்கால்வாசி பகல் மூன்று மணிக்குள் போய்விட்டால் ராத்திரி டயபர் பிரச்சினையும் குறையும். கத்தீட்டரைப் பழக்கமாக்கிவிடாதீர்கள். மலம் இறங்கி, சிரப் வேகம் உடம்பிலிருந்து போன பிறகு டாக்டரிடம் கேட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அது இருக்கும்வரை பை மூத்திரப்பை மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல். கத்தீட்டரை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூனுக்குச் சலைன் வேண்டாம், ஸ்டெரைல் வாட்டர்தான். சலைன் உப்பாகப் படிந்து, எடுக்கும் நாளில் பலூன் சுருங்காது.

புண்ணுக்குப் புரதமும் வேண்டும். கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம், அதாவது 48 முதல் 57 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 25 கிராமில் 9. கஞ்சியிலும் மசித்த அவரைக்கொட்டையிலும் பால்பவுடரைக் கலந்துவிட்டால் அளவைக் கூட்டாமல் சேர்த்துவிடலாம். முழுக்க விழித்திருக்கும்போது, நேராக உட்கார வைத்து, ஒரு டீஸ்பூன் விழுங்கிய பிறகே அடுத்தது. சிறுநீரகப் பரிசோதனை முடிவு வந்ததும் இந்த அளவை டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

---

பிசியோ_குன்னூர்:

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

திருப்புவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நேர் பக்கவாட்டில் 90 டிகிரி படுக்க வைத்தால் தொடை எலும்பு முனையில் அடுத்த புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகி 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொன்று, குதிகால் காற்றில் நிற்க வேண்டும். தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்த்துவது சாப்பாட்டுக்கும் அதற்குப் பின் ஒரு மணி நேரத்துக்கும் மட்டும். மற்ற நேரம் உயர்த்தி வைத்தால் உடம்பு வழுக்கி இறங்கும், தோல் மெத்தையோடு ஒட்டி நிற்கும், எலும்பு நகரும். மஞ்சள் சவ்வுக்கு அடியில் பை மாதிரி குடைந்து போவது இந்த இழுப்பால்தான். மேலே ஏற்றும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், அடியில் போட்ட துணியின் இரு ஓரத்தையும் இருவர் பிடித்துத் தூக்குங்கள். குளிரில் சுருண்டு படுத்தே முழங்கால் மடங்கி இறுகிவிடும். போர்வைக்குள் சூடாக இருக்கும்போதே ஒவ்வொரு மூட்டையும் பத்து முறை நீட்டி மடக்குங்கள், வலது தோளை மட்டும் இழுக்காதீர்கள்.

கரண்ட் போனால் பம்ப் குழாய் இரண்டையும் மடித்துக் கிளிப் போடுங்கள். காற்று நிற்கும், ஆனால் மாறி மாறி ஏறாது, ஆகவே அந்த நேரத்தில் திருப்புவதைத் தள்ளிப்போட முடியாது.

எழுபது படிக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். 108 வண்டி சாலையில்தான் நிற்கும். பிளாஸ்டிக் நாற்காலி கால் பிளந்துவிடும். கைப்பிடி உள்ள மர நாற்காலி, இரு பக்கமும் இரண்டு மூங்கில், நெஞ்சிலும் தொடையிலும் அகலத் துணிக்கட்டு, புண் இருப்பதால் அடியில் தடித்த ஸ்பஞ்ச். நான்கு பேர் வேண்டும். மேலே ஏறும்போது பாட்டியின் முதுகு மேட்டுப் பக்கம் இருக்கட்டும், நாற்காலி சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கட்டும். யூரின் பையை மடியில் வைக்காமல் குழாயைக் கிளிப் போட்டு நாற்காலிக் காலில் கட்டி, வண்டியில் ஏற்றியதும் கிளிப்பை எடுத்துவிடுங்கள். பகலில் ஒருமுறை ஆளில்லாமல் தூக்கிப் பார்த்தால் எந்தப் படி ஆடுகிறது என்று தெரியும்.

---

கோத்தகிரி_சுற்று:

கம்பளியை எடுத்து மேலே போர்த்தியாகிவிட்டது. கை விட்டுப் பார்த்தேன், இப்போது ஓர் அங்குலத்துக்கு மேல் காற்று. ராத்திரி எட்டு மணிக்கு அக்குளில் 96.4. மருமகளிடம் வயது கேட்டுப் பேச்சுக் கொடுக்கச் சொன்னேன். பாட்டி தன் வயதைத் தப்பாகச் சொல்லிவிட்டு, "தேத்தண்ணி ஏன் இவ்வளவு ஆறிப்போச்சு" என்று திட்டினாராம். காலையில் டாக்டர் பார்த்த பிறகு புண்ணை அளந்து எழுதுகிறேன். இரண்டு வாரத்தில் சுருங்கவில்லை என்றால் மறுபடி இங்கேயே கேட்பேன்.